லெஃப்ட் டோர் மோட்டார்

"ஏத்து" என்று ஜெரால்டு சொன்னால் சுவிட்சின் பின்பக்கம், "இறக்கு" என்றால் முன்பக்கம். பின்னால் அழுத்தினால் மேலே, முன்னால் அழுத்தினால் கீழே. பிரிசில்லா இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள், ஜெபமாலை உருட்டுகிற வேகத்தில், உதடு மட்டும் லேசாக அசைய. சொல்வதை நிறுத்தினால் விரல் பழைய புத்திக்குத் திரும்பிவிடும் என்று பயமாக இருந்தது. நியாயப்படி முன்பக்கம் அழுத்தினால் கண்ணாடி ஏற வேண்டும், பின்பக்கம் அழுத்தினால் இறங்க வேண்டும். ஆனால் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் இந்தக் காருக்கு வலது கதவு மோட்டார் கிடைக்கவில்லை, இடது கதவு மோட்டார்தான் இருந்தது, அது எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. "மோட்டாருக்கு லெஃப்ட்டு ரைட்டு தெரியாதுங்க சார், ஒயரைத் திருப்பிக் குடுத்தீங்கன்னா சொன்ன பேச்சைக் கேக்கும்" என்று கடைக்காரர் சொன்னாராம், ஜெரால்டு வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னான். ஒயரைக் கடைசியில் திருப்பிக்கொள்ளலாம், முதலில் கண்ணாடியை நேராக நிறுத்துவோம், அதுவரைக்கும் நீ தலைகீழா அழுத்து, அவ்வளவுதான் என்றான். அவனுக்கு எல்லாமே அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, மீன்குழம்பும் சோறும் முடிந்து, சவுரிபாளையமே தூங்குகிற நேரம். தகர ஷெட்டுக்குள் அனல். அவன் டிரைவர் சீட்டில் உடம்பை முழுசாக வலப்பக்கம் முறுக்கி உட்கார்ந்து, மூடியிருந்த கதவின் உட்புறத்தில் இரண்டு கையையும் விட்டிருந்தான். கதவின் உள்பலகையைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியாகிவிட்டது. தோல் உரித்த ஆடு மாதிரி இருந்தது கதவு, ஓட்டைகள், கம்பிகள், கறுத்த கிரீஸ். அவள் இடது சீட்டில். நடுவில், கியர் கம்பிக்குப் பக்கத்தில், அந்தச் சுவிட்ச். அதன்மேல் அவளுடைய ஆள்காட்டி விரல். உள்ளே பெட்ரூமில் ஜோவி தூங்குகிறாள், இரண்டரை வயது, சுற்றிலும் தலையணை. வீட்டுக் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேனா. "ஏத்து" என்றான். பின்பக்கம். கண்ணாடி விருட்டென்று ஏறிக் கூரையின் ரப்பரில் போய் இடித்து நின்றது. "பாத்தியா, என்ன ஒரு வேகம்" என்றான் அவன், கதவிடம் சொல்வது போல. "பழைய மோட்டாரு போயிட்டு வர்றதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிருவேன்."

பழசுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் வேலை பார்க்கிற பம்பு கம்பெனியின் முதலாளி, வாலிபத்தில் ரேஸ் ஓட்டுகிறேன் என்று வாங்கி, கோடவுனில் போட்டு மறந்துபோன கார் இது, ஜெரால்டு கேட்டு வாங்கி வந்தது. மஞ்சள் நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கியிருக்கும், முகவிளக்கு இரண்டும் இமை திறப்பது போல மேலே எழும்பும், அதிலும் ஒன்று எழும்பாது. ஜோவிக்கு அது தவளைக் கார். வந்த நாளிலிருந்து வலது கண்ணாடி நோயாளி மாதிரி முனகிக்கொண்டு, நின்று நின்று, மூச்சு வாங்கித்தான் ஏறும். ஜோவி டிரைவர் சீட்டில் ஏறி நின்று கண்ணாடி விளிம்பில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பாள், நாய்க்கு டாட்டா, கீரைக்காரம்மாவுக்கு டாட்டா. யார் சுவிட்சைத் தட்டினாலும் என்ன, அந்தக் கிழட்டுக் கண்ணாடி யாரை என்ன செய்துவிடும். வெள்ளிக்கிழமை அது டடக்கென்று கதவுக்குள்ளேயே விழுந்துவிட்டது. மழை வந்தால் சீட் நனையும், சரிசெய்தே ஆக வேண்டும் என்றான் ஜெரால்டு. விழுந்தது விழுந்ததாகவே இருக்கட்டுமே என்று சொல்ல வாய் வந்தது. காரணம் கேட்பான். காரணம் கேட்டால் என்ன சொல்வது. புதுக் காரில் எல்லாம் நடுவில் ஏதாவது தட்டுப்பட்டால் கண்ணாடி தானே இறங்கிவிடும் என்று எங்கேயோ படித்தேன், இதில் அது உண்டா என்று மட்டும் கேட்டாள், சும்மா கேட்பது போல. "இது அந்தக் காலத்து ஆளு பிரிசி. அழுத்துனா போவும், விட்டா நிக்கும். நடுவுல தலை இருக்கா வால் இருக்கான்னு எல்லாம் பாக்காது." பார்க்காது. கண் இல்லாத ஒரு மிருகத்துக்கு இன்றைக்குப் புதுப் பல் கட்டுகிறோம், நான் பக்கத்தில் உட்கார்ந்து கை கொடுக்கிறேன். அவளுடைய பயங்கள் அந்த வீட்டில் பிரசித்தம். "உனக்குக் கரப்பான் பூச்சியில ஆரம்பிச்சு கடவுள் வரைக்கும் பயம்" என்பான். ஊரெல்லாம் மொட்டைமாடியில் துணி காயுது, நம்ம வீட்டில் மட்டும் ஹாலில் காயுது என்று அவனுடைய அக்கா வந்தபோது சொல்லிச் சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள். மொட்டைமாடிக்கு ஏன் போவதில்லை என்று அவனுக்குத் தெரியாது. கைப்பிடிச் சுவர் உயரம் குறைச்சல் என்று அவனாகவே ஒரு காரணம் வைத்திருக்கிறான். சுவர் நல்ல உயரம்தான். உயரம் இல்லை விஷயம்.

விஷயம் எப்படி வருகிறதென்றால், சத்தம் போட்டு வருவதில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள், ஜோவி வந்து காலைக் கட்டிக்கொள்வாள், உச்சந்தலை வியர்வையும் பவுடரும் கலந்த வாசனையோடு. அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல், பக்கத்து வீட்டுச் சமாசாரம் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்லும், உன் கையில் கத்தி இருக்கு. அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தண்ணீரில் கழுவி, கழுவி, பிள்ளையைத் தூக்காமல் "அங்க போய் விளையாடுடா கண்ணு" என்று விரட்டிவிடுவாள். பிறகு கத்தியை மேல் ஷெல்ஃபில் வைத்தாள். ஏன் அங்கே வைக்கிறாய், எட்டவே மாட்டேங்குது என்று ஜெரால்டு கேட்டான். பிள்ளை எடுத்துடுவா என்றாள். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. மாடியில் நிற்கும்போது, இவளைத் தூக்கிப் பிடித்திருப்பது உன் கைதான். குளிப்பாட்டும்போது, தண்ணீர் ஆழமா இருக்கு. பால் மறந்து வெகுநாளான பிறகும் அது போகவில்லை. தூத்துக்குடியிலிருந்து அம்மா போனில், "தூக்கம் பத்தலட்டி உனக்கு, அதான் மனசு கெடந்து அடிச்சிக்கிடுது" என்றாள், அதற்கும் இவள் முழுசாகச் சொல்லவில்லை, படபடப்பாக இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னாள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டு, "கெட்ட நினைப்பு வருது ஃபாதர்" என்றாள். "யாரைப் பத்திம்மா?" என்று வலைக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்டார். "பொதுவா வருது ஃபாதர்" என்றாள். பொதுவாக ஜெபம் செய்யச் சொன்னார், பொதுவாக மன்னிப்பும் கிடைத்தது. எந்தத் தாய்க்கு இப்படி வரும். வருகிற தாயிடம் யார் பிள்ளையை விட்டுவைப்பார்கள். இது தெரிந்தால் ஜெரால்டு சிரிக்காமல், ஒன்றும் பேசாமல், ஜோவியைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொள்வான், அந்த ஒரு நிமிஷத்தை அவள் எத்தனையோ முறை மனசுக்குள் பார்த்துவிட்டாள், அந்தத் தோளில் பிள்ளையின் கன்னம் அமுங்குவதுகூடத் தெரியும். அவள் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர் பெலாஜியா வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை, கை ரெண்டும் டெஸ்க் மேல, நான் பாக்கற மாதிரி. யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த வார்த்தை கேட்டதும் கை ஏதோ செய்துவிட்ட மாதிரிக் குறுகுறுக்கும்.

"பேப்பர் குடு" என்றான். வாராவாரம் கோவிலில் கொடுக்கிற அறிவிப்புத் தாளை அவன் பட்டை பட்டையாகக் கிழித்து வைத்திருந்தான். இந்தக் கார்க் கதவில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் கிடையாது, கண்ணாடி தனியாகவே எழுந்து போய்க் கூரையின் ரப்பரில் அழுந்த வேண்டும், சரியாக அழுந்தவில்லையென்றால் காற்று விசில் அடிக்கும், மழை உள்ளே வரும். அதனால் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு பேப்பர்ப் பட்டையை வைத்து, கண்ணாடியை ஏற்றி, பட்டையை இழுத்துப் பார்ப்பது. இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் தளர்ச்சி. இறக்கு, முன்பக்கம். ஏத்து, பின்பக்கம். முன் மூலையில் பேப்பர் அசையவே இல்லை, இழுத்தால் கிழிந்தது. அவனுக்குச் சந்தோஷம். "புடிக்கறத பாரு, உடும்பு மாதிரி." அவள் கிழிந்துபோன பேப்பரைப் பார்த்தாள், வரும் வாரம் ஞானஸ்நானம் பெறும் குழந்தைகள் என்பதுவரை இருந்தது, பெயர்கள் ரப்பருக்குள் மாட்டிக்கொண்டன. பின் மூலை மட்டும் தளர்ச்சி. அங்கே விட்டுவிடலாமே, கொஞ்சம் தளர்ச்சி இருக்கட்டுமே, ஒரு விரல் நுழைகிற அளவு, ஒரு சின்ன விரல். அவன் மறுபடியும் கதவின் ஓட்டைக்குள் கையை முழங்கைவரை விட்டான். "ஸ்டாப்பர் போல்ட்டைக் கொஞ்சம் ஏத்தி வைக்கணும். பாதிக்கு இறக்கு. ம், போதும், போதும். இப்ப தொடாத பிரிசி, விரல் உள்ள இருக்கு." அவன் விரல் உள்ளே இருக்கு. அவள் விரல் சுவிட்சின் மேல் இருக்கு. குரல் வந்தது, எதிர்பார்த்த மாதிரியே, பக்கத்து வீட்டுச் சமாசாரம் போல, அவன் விரல் உள்ளே இருக்கு. அவள் கையை எடுத்துத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ஜெரால்டு திரும்பிப் பார்த்து, "குளுருதா உனக்கு?" என்றான். தகரத்திலிருந்து அனல் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வீட்டுக்குள் ஏதோ விழுந்த சத்தம். விழுந்ததா, உருண்டதா. "டம்ளரா இருக்கும்" என்றான் அவன். அவள் அதற்குள் இறங்கி ஓடியிருந்தாள். வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் இருட்டி ஒன்றும் தெரியவில்லை, பிறகு கட்டில் தெரிந்தது, தலையணை தெரிந்தது, ஒரு தலையணை கீழே கிடந்தது, ஜோவி கண்ணை மூடியிருந்தாள், இமை மட்டும் லேசாகத் துடித்தது. தூங்குகிறாளா, தூங்குகிற மாதிரி இருக்கிறாளா. குனிந்து மூச்சைக் கேட்டாள். வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள். மீன்குழம்பு வாசம். முத்தம் கொடுக்கத் தோன்றியது, எழுந்துவிடுவாள் என்று கொடுக்கவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். போட்டால், உள்ளே பிள்ளை தனியாக, கேஸ் வாடை வந்தால், மின்விசிறி தீப்பிடித்தால், கதவைத் தட்டித் தட்டி அழுதால், ஷெட்டில் கேட்குமா. போடாவிட்டால், எழுந்து வெளியே வருவாள், கேட் பூட்டியிருக்கிறது, தெருவுக்குப் போக முடியாது, வந்தால் நம்மிடம்தானே வருவாள். போட்டாள். எடுத்தாள். எடுத்தபடியே விட்டுவிட்டு நடந்தாள், நடந்துகொண்டே அந்தத் தாழ்ப்பாள் முதுகில் குத்துவது போல இருந்தது. பின்னால் என்றால் மேலே, முன்னால் என்றால் கீழே. மறந்துவிடவில்லை. இதையாவது சரியாகச் செய்வேன். ஷெட்டில் ஜெரால்டு முன்னைவிடக் கீழே குனிந்திருந்தான், தலை கதவின் அடி ஓட்டைக்கு நேராக, வாயில் சின்ன டார்ச். போல்ட் ஒன்று கையிலிருந்து நழுவிக் கதவின் அடிக்குள் விழுந்துவிட்டது என்பதை, டார்ச்சைக் கடித்துக்கொண்டே, பாதி சொல்லும் பாதி உறுமலுமாகச் சொன்னான். "இரு இரு, தட்டுப்படுது." அவள் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடி பாதியில் நின்றது. விரலைச் சுவிட்சின்மேல் வைத்தாள். வைத்தபடி காத்திருந்தாள். அவன் முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது, நடு முதுகில் ஒரு தழும்பு, சின்ன வயசில் வேலி தாண்டினது, கல்யாணமான புதிதில் அதைத் தொட்டுத் தொட்டுக் கேட்பாள், இந்தக் கையால்தான், அப்போது கைக்கு ஒரு குரலும் கிடையாது. எப்போது முளைத்தது அது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றின பிள்ளையை மடியில் வைத்து, "கழுத்தைப் பத்திரமாப் பிடிங்க, நிக்காது" என்று சொன்ன அன்றைக்கா. கழுத்து நிக்காது. ஒரு மனுஷியின் உயிரை இன்னொரு மனுஷியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு அந்த நர்ஸ் செருப்பைத் தேய்த்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

கண்ணாடிக்கு மேலே ஜோவியின் முகம் வந்தது. வெளியே, டிரைவர் கதவுக்கு அந்தப்பக்கம், கார் கழுவுகிற பக்கெட் கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் ஏறியிருக்கிறாள். தூக்கத்தில் கலைந்த முடி, கன்னத்தில் தலையணைக் கோடு, வாயை இறுக்கி மூடிச் சிரிப்பை அடக்கியிருந்தாள், அப்பாவுக்குப் பூச்சாண்டி காட்ட வந்தவள், அம்மாவைப் பார்த்து, சொல்லாதே என்று கண்ணைச் சுருக்கினாள். இரண்டு கையும் விளிம்பைத் தாண்டி உள்ளே தொங்கின. தாடையை விளிம்பின்மேல் வைத்தாள். குனிந்திருந்த ஜெரால்டு இதொன்றையும் பார்க்கவில்லை. "கை ஓரமாத்தான் இருக்கு, இறக்கு" என்றான், டார்ச்சைக் கடித்தபடி. பிரிசில்லாவுக்கு ஒரு கணம் நெஞ்சு குளிர்ந்தது. ஆமாம், இறக்கு, அதைத்தான் நானும் நினைத்தேன், கண்ணாடி கீழே போகட்டும், பிள்ளையின் தொண்டைக்குக் கீழே, கைக்குக் கீழே, கதவுக்குள் போய்ப் புதைந்துகொள்ளட்டும். முன்னால் என்றால் கீழே. முன்பக்கம் அழுத்தினாள். ஆசையோடு அழுத்தினாள்.

கண்ணாடி ஏறியது. விருட்டென்று, அந்தப் புது வேகத்தில், ஜோவியின் தாடையைத் தூக்கிக்கொண்டு ஏறியது. முகம் அண்ணாந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது, கழுத்து நீண்டு வெள்ளையாகத் தெரிந்தது, கழுத்தில் முத்திரை மாதிரி ஒரு வியர்வை மடிப்பு. தலைக்கு மேலே கூரையின் ரப்பர், பேப்பரை விடாத அந்த ரப்பர். முன்னால் என்றால் கீழே, முன்னால் என்றால் கீழே, கீழே, நான் கீழேதானே.

நின்றது. கண்ணாடி நின்றிருந்தது. மோட்டார் சத்தம் இல்லை. வெளியே எங்கேயோ ஒரு காகம். அவள் கை சுவிட்சில் இல்லை. அவளுடைய நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது, சூடு பட்ட கை மாதிரி, எப்போது அங்கே வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. "தவளை வாய மூடுது" என்றாள் ஜோவி, அண்ணாந்தபடியே, குரல் நெரிந்து வந்தது, ஆனால் வந்தது. ஜெரால்டு தலையைத் தூக்கினான். டார்ச் அவன் வாயிலிருந்து விழுந்து உருண்டது. ஓட்டைக்குள்ளிருந்து கையை உருவினதில் தகரம் கீறி மணிக்கட்டில் ரத்தம் கோடாக வந்தது. அதே கையைக் கண்ணாடிக்கு மேலே விட்டு, பிள்ளையின் தாடையை உள்ளங்கையில் ஏந்தி, "மெதுவா, பின்னால போ சாமி, பின்னால, அப்படித்தான்" என்று தலையைச் சாய்த்துச் சாய்த்து வெளியே எடுத்தான். எடுத்ததும் சாவியைத் திருப்பி உருவிச் சட்டைப்பையில் போட்டான். ஜோவி பக்கெட்டிலிருந்து இறங்கித் தள்ளி நின்று, "இன்னொருக்கா" என்றாள்.

"ஒயரு" என்றான் ஜெரால்டு. அவன் உதடு வெளுத்திருந்தது. "நீ உள்ள போனல்ல, அப்ப மாத்திட்டேன். சும்மா உக்காந்துட்டு இருக்கமேன்னு. ஒரு தட்டு தட்டிப் பாத்தேன், சரியா இருந்துச்சு. உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன், அதுக்குள்ள போல்ட்டு விழுந்து, அதத் தேடுனதுல." அவள் காதில் அது பாதிதான் விழுந்தது. இறங்கும் என்று அழுத்தினது இறங்காவிட்டால் யாரும் என்ன செய்வார்கள், இன்னும் அழுத்துவார்கள், இறங்கு, இறங்கு என்று நகம் வெளுக்க அழுத்துவார்கள், லிஃப்ட் வராவிட்டால் அழுத்துவது போல. அவளும் அழுத்தியிருக்க வேண்டியவள்தான், மனசு கீழே கீழே என்று கத்திக்கொண்டுதான் இருந்தது, கை மட்டும் அதைக் கேட்கவில்லை. கை விட்டுவிட்டது. இத்தனை மாசமாகக் கத்தியிலிருந்தும் கைப்பிடிச் சுவரிலிருந்தும் பக்கெட் தண்ணீரிலிருந்தும் பின்வாங்கிப் பின்வாங்கிப் பழகின கை, யோசிக்காமல், ஜெபம் சொல்லாமல், பின்வாங்கிக்கொண்டது. அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் கொஞ்சம் கிரீஸ், ரேகையெல்லாம் தெரிந்தது. குரல் ஏதாவது சொல்லும் என்று காத்திருந்தாள். இப்போது சொல்ல எவ்வளவோ இருக்கிறது அதற்கு. சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கும் அது வரும், அது அவளுக்குத் தெரியும்.

ஜெரால்டு கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய் ஜோவியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவள் பல தடவை பார்த்துப் பயந்திருந்த அதே காட்சி, அதே தோள், அமுங்கின அதே கன்னம். ஆனால் அவன் மணிக்கட்டு ரத்தம் பிள்ளையின் சட்டையில் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, அது அவள் பார்த்ததில் இல்லாதது. கதவைக் கையால் தள்ளிச் சாத்தினான். "எறங்கி வா பிரிசி" என்று கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தான். "தப்பு எம்மேலதான். உம்மேல ஒண்ணுமில்ல. வந்து இவளக் கொஞ்சம் வாங்கிக்க, எனக்குக் கை நிக்கல." வாங்கிக்க. அவள் இறங்கவில்லை. "நீங்க நிமிந்து நில்லுங்க" என்றாள். "என்னைப் பாக்காதீங்க. அங்கயே நில்லுங்க, ஒண்ணு சொல்லணும்." அவன் ஒரு கணம் புரியாமல் பார்த்தான், பிறகு நிமிர்ந்தான். தரையோடு பதுங்கின கார், நிமிர்ந்ததும் அவன் முகம் கூரைக்கு மேலே போய் மறைந்துவிட்டது. பாதிக்கு மேல் ஏறி நின்ற கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு நனைந்த சட்டை, ஒரு பித்தான், ஆடுகிற ஒரு சின்னக் கால், குதிகாலில் பக்கெட்டின் அழுக்கு. "கேக்கறேன்" என்றது சட்டை. அவள் கை இரண்டையும் டாஷ்போர்டின்மேல் நீட்டி வைத்தாள், யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி.

"கத்திய ஏன் மேல் ஷெல்ஃபுல வைக்கறேன்னு கேட்டீங்கல்ல" என்று ஆரம்பித்தாள்.